அப்பாவுக்கு டேப் வாங்கப் போனோம்

முப்பது வருசம் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டவர் என் அப்பா. அந்தச் சத்தம் ரெண்டு காதையும் தின்றுவிட்டது. காது மிஷினை மாட்டினால், "இரைச்சல்தான் பெருசாக் கேக்குது" என்று கழற்றி வீசிவிடுவார். எழுதிக் காட்ட யாருக்கும் பொறுமையில்லை; ரெண்டு வருசமாக வீட்டில் அவரோடு எல்லாம் கைச்சாடைதான். சோறு, மாத்திரை, தூக்கம். வாய் ஓயாத மனுசன் அப்படியே அடங்கிப்போனார். இப்படியே விட்டால் பேசுவதையே மறந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

பேசப் பேச எழுத்தாக்கித் திரையில் காட்டும் டேப்லெட் இருக்கிறது என்று யாரோ சொல்ல, நாமக்கல்லில் ஒரு கடைக்குக் கூட்டிப் போனேன். நான் பார்த்து வைத்தது கைக்கு அடக்கமானது, கேமரா பிரமாதம். அவர் அதைத் தொடவே இல்லை. ஒவ்வொரு டேப்பையும் மேசைமேல் நிறுத்தச் சொல்லி, ஆறடி தள்ளிப் போய் நின்று கண்ணைச் சுருக்கினார். ரிக்கில் காற்றழுத்த மீட்டரை அப்படித்தான் பார்ப்பார்களாம். கடைப் பெண்ணிடம், "கொஞ்சம் ஆட்டுங்க சாமி. வண்டி குலுங்கறப்பவும் முள்ளு தெரியோணுமுங்க" என்றார். அந்தப் பொண்ணும் பாவம், டேப்பை முறம் மாதிரிப் பிடித்து ஆட்டுது! கடையே வேடிக்கை பார்க்கிறது.

ஐந்தாவது டேப்பில் அவள் எழுத்தைப் பெரிதாக்கி, மைக்கையும் போட்டு வைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. "இவரைக் கூட்டிக்கிட்டு ஒரு எடத்துக்குப் போக முடியுதா? மானத்தை வாங்கறாரு" என்று வாய்விட்டே சொன்னேன். அவர் முன்னால் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது.

அடேயப்பா! நான் வாயை மூடுவதற்குள் என் பேச்சு கட்டைவிரல் தண்டி எழுத்தில் திரையில் நிற்கிறது. ஒரு சொல் பிசகவில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. அப்புறம்தான் பார்க்கிறேன், ஆறடி தள்ளி நின்று அப்பா அதை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறார்.

"தப்புங்கப்பா, தெரியாமச் சொல்லிட்டேன்" என்று பதறினேன். அதுவும் திரையில் வந்தது. கிட்டே வந்து அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். "பேசறது கண்ணுக்குத் தெரியுதே!" என்றார் கடையே கேட்கும்படி. "இதையே குடுத்துருங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"இன்னுங் கொஞ்சம் திட்டு சாமி. ரெண்டு வருசத்துல இன்னைக்குத்தான் உம்பேச்சு எனக்கு முழுசா வந்திருக்குது."