சந்தனத்துக்குக் கீழே

என் மனைவிக்குப் படம் கிடையாது. கண்டி டவுனில் ஒரு தேயிலைக் கம்பனிக் கட்டடத்தின் உச்சியில் அவளைக் கல்லில் செதுக்கி வைத்திருந்தார்கள். அவ்வளவுதான். கடல் தாண்டி அக்கரையிலிருந்து, இந்தியாவிலிருந்து வந்த கல்தச்சர் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் மலைக்கு ஏறி வந்து, கொழுந்துக் கூடையோடு அவளை நிற்க வைத்துப் பார்த்துச் செய்தது. மகள் பிறந்த மாதமே அவள் காய்ச்சலில் போய்விட்டாள். டவுனுக்குப் போகும்போதெல்லாம் மகள் அண்ணாந்து பார்ப்பாள். கூடைதான் தெரியும். முகம் தெரியாது.

அந்தக் கட்டடத்தை இடித்தார்கள். உச்சியில் இருந்த சிலைகளையெல்லாம் கழற்றி, வருஷா வருஷம் கானிவல் நடக்கும் திடலில் தரையில் நிறுத்தி, 'உழைத்தவர்களுக்கு மரியாதை' என்று பலகை போட்டார்களாம். கங்காணி வந்து சொன்னார். மகளுக்குத் தையில் கல்யாணம்.

"அப்பா, போறதுக்கு முந்தி அம்மா மூஞ்சிய ஒரு தரம் பாத்துர்றேன்," என்றாள்.

போனோம். கற்பூரப் புகை. கூட்டம். தோட்டத்து ஆட்கள் கூடைக்காரியைச் சாமியாக்கிவிட்டார்கள். மஞ்சள் சேலை, வேப்பிலை. முகம் முழுக்கச் சந்தனக் காப்பு. அதில் வெள்ளிக் கண் ஒட்டியிருந்தது.

"இது என் சம்சாரம்," என்றேன்.

"ஆமாண்ணே, எனக்குச் சின்னம்மா," என்றான் உடுக்கை வைத்திருந்தவன். எல்லோரும் சிரித்தார்கள்.

முகத்தைக் கழுவ வேண்டும் என்றேன்.

"சாமி மேல கை வைக்காத, அழுகிப் போயிரும்!" என்று ஒரு கிழவி கத்தினாள். மகள் என் பின்னால் நின்று அழுதாள்.

யோசித்தேன். "அபிஷேகம் நேந்திருக்கேன்," என்றேன்.

வழி விட்டார்கள். கிழவியே குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

ஊற்றினேன். கண் விழுந்தது. சந்தனம் கரைந்தது. மூக்கும் கரைந்து ஓடியது. அது சந்தன மூக்கு. கீழே கல் இல்லை. கழற்றும்போது கடப்பாறை பட்டு, நெற்றியிலிருந்து மூக்குவரை பெயர்ந்து குழியாகக் கிடந்தது. என் கையில் குடம் அப்படியே நின்றது. உடுக்கையும் நின்றுவிட்டது.

"மூஞ்சி இல்லாம நிக்கிறாளேன்னுதான்ப்பா நாங்க வச்சு விட்டோம்," என்றாள் கிழவி, மெதுவாக.

வாயும் தாடையும் மட்டும் மிச்சம். கீழ் உதடு ஒரு பக்கம் தடித்திருந்தது. அவளுக்கு அப்படித்தான். மகள் முந்தானையால் அந்த வாயைத் துடைத்தாள். பிறகு தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

கிழவி சிலையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். விரலில் குங்குமம் எடுத்தாள். சிலைக்கு வைக்க நெற்றி இல்லை. மகளுக்கு வைத்தாள்.