மஞ்சள் துணியில் ஐந்து மார்க்

ஜெர்மனிக்கு வருவதற்காக ஏஜென்சிக்காரனை நம்பிக் கொழும்பில் விமானம் ஏறியவன் என் தம்பி. மொஸ்கோவிலிருந்து ஒரே ஒருமுறை தொலைபேசியில் பேசினான்.

"அக்கா, ஒரு மார்க் எங்கட காசுக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டான். "வாற கிழமை உங்கட வீட்டிலைதான் சாப்பாடு."

அந்தக் கிழமை போனது, அவன் வரவில்லை. நான் ஐந்து மார்க் நாணயம் ஒன்றை மஞ்சள் துணியில் முடிந்து, வுப்பர்டால் நகரில் எங்கள் வீட்டுக் குசினியில் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தேன். அவன் வந்து சேர்ந்தால் ஊரில் நல்லூர்க் கந்தன் கோயில் உண்டியலில் போடுவதாக நேர்த்தி. வேண்டியது நடக்கும்வரை நேர்த்திக்காசை அவிழ்க்கக் கூடாது. இது என் கணவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

மார்க் போய் யூரோ வந்ததும் அந்த மனிதர் கோட்டுப் பை, கார் இருக்கை, பிள்ளைகளின் பென்சில் பெட்டி என்று வீட்டையே புரட்டி, வங்கியில் மாற்றுவதற்கு மார்க் பொறுக்கினார். நான் வேலை முடிந்து வந்து பார்த்தால் சாமிப் படத்தின் முன்னால் முடிச்சைக் காணவில்லை. வீட்டுச் செருப்போடு பனியில் ஓடி, பஸ் தரிப்பிடத்தில் அவரைப் பிடித்தேன்.

"செல்லாத காசை வைச்சுக் கந்தன் என்ன செய்யிறது?" என்றார்.

"கந்தனுக்குச் செல்லும். தாங்கோ இஞ்சை!"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும். அவர் கையிலிருந்த காசுப் பையைப் பறித்து முடிச்சைத் தடவினேன், அவிழவில்லை. மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

கொஞ்சக் காலம் எல்லோரும் விலைகளை மார்க்கில் மாற்றிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். பிறகு மறந்துபோனார்கள். என்னால் முடியவில்லை. என் தம்பி அறிந்த ஜெர்மனியில் மார்க்தான் இருந்தது. இன்றைக்கு அவன் கதவைத் தட்டினால், யூரோ என்றால் என்ன என்று நான்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். அப்படிச் சொல்லிக் கொடுப்பதாகப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

இந்த வருடம் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறோம். எனக்கும் அறுபது தாண்டிவிட்டது. காசை மாற்றி உண்டியலில் போட்டு, நேர்த்தியை முடித்துவிடுவோம் என்று தீர்மானித்தேன். அவன் இனி வரமாட்டான் என்று என் வாயால் ஒப்புக்கொள்வது அது. தெரிந்துகொண்டுதான் கணவரோடு மத்திய வங்கிக்குப் போனேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் துணியை அவிழ்க்கச் சொன்னாள். கை வரவில்லை. மார்க் மாற்றுவதற்குக் கடைசி நாள் எப்போது என்று கேட்டேன்.

"கடைசி நாள் என்று ஒன்று இல்லை. எத்தனை வருடம் கழித்து வந்தாலும் மாற்றித் தருவோம்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

வாசலில் நின்ற கணவர், "மாத்தியாச்சோ?" என்றார்.

"இல்லை. கெடு ஒண்டும் இல்லையாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கையை நீட்டி முடிச்சை வாங்கினார். துணி வெளுத்து, கட்டுக் கொஞ்சம் தளர்ந்திருந்தது. இரண்டு கையாலும் இழுத்து இறுக்கிக் கட்டினார்.

"கொண்டுபோய்ச் சாமிப் படத்துக்கு முன்னாலை திருப்பி வையும்" என்றார்.