ஸ்டியரிங்கில் தொங்கிய சிவப்புத் தகடு

எண்பதுகளின் தொடக்கத்தில் நெய்வேலியில் என்னைப் பற்றி விசாரித்தால் யாரும் என் வேலையைச் சொல்ல மாட்டார்கள். "அந்த மிலிட்டரி லாரி வச்சிருக்கிறவரா?" என்பார்கள். சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

முத்தாண்டிக்குப்பம் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் கிடந்த வண்டி அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து லாரி. மூக்கே இல்லாத சப்பை முகம். முன்கண்ணாடியின் மேல்விளிம்பு வெளியே துருத்தி நிற்கும். அந்த ரகத்தில் இன்னொன்றை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. டிராக்டர் வைத்து இழுத்து வந்து குவார்ட்டர்ஸுக்கு எதிரே சாலையோரம் நிறுத்தினேன். ஆறே மாதத்தில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று வீட்டில் வீறாப்பாகச் சொன்னேன். இரண்டு வருடம் போயிற்று.

நான் சுரங்கத்தில் பிட்டர். எங்கள் இயந்திரங்களெல்லாம் ஜெர்மன்காரன் கொடுத்தவை, அதனால் என் ஸ்பானர்கள் அத்தனையும் மில்லிமீட்டர் கணக்கு. லாரியோ இஞ்ச் கணக்கு. ஒன்று உள்ளே நுழையாது, இல்லையென்றால் நட்டின் முனையை வழித்துவிட்டு வழுக்கும். ஒரே ஒரு நட்டோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறேன். சாமான் தேடி மெட்ராஸ் புதுப்பேட்டைக்கு எத்தனை தடவை போனேனோ தெரியாது. "இந்த மாடல் வராதுப்பா" என்ற பதிலைக் கேட்கவே பஸ் ஏறியது போல இருக்கும். திரும்பி வந்தால் மனைவி, "வாசல்ல ஆனையக் கட்டிப் போட்டுருக்கீக. நெச ஆனையாச்சும் எந்திரிச்சு நடக்கும்" என்பாள்.

இதற்கு நடுவில் எங்கள் குடியிருப்பு பிளாக் பிள்ளைகள் தொல்லை. ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டு இழுப்பார்கள், திருகக் கூடியதையெல்லாம் திருகிவிடுவார்கள். கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம். கடைசியில் சுரங்கத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு சிவப்புத் தகரத் தகட்டை எடுத்து வந்து, அதில் என் டோக்கன் நம்பரை எழுதி ஸ்டியரிங்கில் மாட்டினேன். 'ஆள் வேலை செய்கிறார். தொடாதே' என்று இருக்கும்.

சுரங்கத்தில் 'டேக்' என்கிற அந்தத் தகட்டுக்குத் தனி மரியாதை. இயந்திரத்துக்குள் இறங்குகிறவன் அதை மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். மாட்டியவன் கைதான் அதைக் கழற்ற வேண்டும். மேலதிகாரியே வந்து வாயால் சொன்னாலும் இன்னொருவன் தொடக் கூடாது. என்னோடு வேலை பார்த்த உள்ளூர் பிட்டர் ஒருவர், என் வயதுக்காரர்தான், மரியாதைக்கு என்னை 'அண்ணே' என்பார். அவர் ஒருமுறை அவசரத்தில் என் தகட்டைக் கழற்றிவிட்டார். நான் உள்ளே இருந்தேன். எல்லோர் முன்னாலும் அவரை நாறடித்துவிட்டேன். அப்பன் வந்து சொன்னாலும் இனி இதைத் தொடாதே என்று கத்தினேன்.

லாரியில் தகடு தொங்கிய மறுநாளிலிருந்து ஒரு பிள்ளையும் ஏறவில்லை. எல்லாம் சுரங்கத்து வீட்டுப் பிள்ளைகள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம் நிர்வாக அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. குடியிருப்புச் சாலையில் ஓடாத வண்டி நிற்கக் கூடாது, ஒரு மாதத்துக்குள் எடுக்காவிட்டால் கடைசி நாள் ஐந்து மணிக்குப் பழைய இரும்புக் கிடங்குக்குப் போய்விடும். மந்தாரக்குப்பத்தில் ஒரு மரக்கடைக்காரர் இடம் தர ஒப்புக்கொண்டார். வண்டி ஓட வேண்டும், அவ்வளவுதான். கெடுவுக்கு முந்தின நாள் மாலைதான் பிரேக் பிடித்தது. என்ஜின் உறுமியபோது அழுதுவிட்டேன். ஹேண்ட் பிரேக் மட்டும் பிடிக்காததால் கியரில் போட்டு நிறுத்தினேன். பழக்க தோஷத்தில் தகட்டையும் மாட்டிவிட்டுப் போனேன்.

மறுநாள் எனக்கு முதல் ஷிப்ட். இரண்டு மணிக்கு ரிலீவர் வரவில்லை. மாற்று ஆள் வராமல் மேலே ஏற முடியாது. ஷிப்ட் முடிந்து கிளம்பிய அந்த உள்ளூர் பிட்டர் நண்பரிடம் சாவியைக் கொடுத்து, வண்டியை எடுத்துக்கொண்டு போய் மரக்கடையில் விடச் சொன்னேன். அவருக்கு லாரி ஓட்டத் தெரியும். நிம்மதியாக வேலையைப் பார்த்தேன்.

இரண்டாம் ஷிப்டும் முடித்து வீடு திரும்பினால் எதிரே வெறும் சாலை. வீட்டில் எல்லோரும் தூங்கியிருந்தார்கள். வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது என்று நானும் படுத்தேன். காலையில் நண்பர் வாசலில் நின்றார். கையில் சாவி.

"டேக் தொங்கிகினு இருந்துச்சிண்ணே. உங்க நம்பரு. நான் எப்பிடி எடுக்கறது? மைன்ஸ் கேட்டுக்கு ஓடிப்போய் போன் போடச் சொன்னேன். நீங்க கீழ இருக்கீங்கன்னுட்டாங்க. திரும்பி வந்து அஞ்சு மணி வரிக்கும் நின்னுகினே இருந்தேன்."

"அப்புறம்?"

"காண்ட்ராக்ட் கிரேன் வந்துச்சி. அந்த ஆளு உள்ள ஏறி நியூட்ரல் பண்ணிக்கறேன்னான். நான் வுடுவனா? ஆள் வேல செய்யுது, ஏறாதன்னுட்டேன்."

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சுரங்கத்துக்கும் சாலைக்கும் வித்தியாசம் தெரியாதா என்று கேட்க வாயெடுத்தேன். தகட்டைச் சாலைக்குக் கொண்டு வந்தவன் நான்தானே.

கியரில் நின்ற வண்டியை முன்பக்கம் தூக்கி, பின்சக்கரத்தோடு தரதரவென்று இழுத்துப் போயிருக்கிறார்கள். சாலை நெடுக எண்ணெய் சிந்தியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கிடங்குவரை சைக்கிள் மிதித்தேன். கியர் பாக்ஸ் கூடு இரண்டாகப் பிளந்து கிடந்தது. புதுப்பேட்டையில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

தகடு மட்டும் ஸ்டியரிங்கில் அப்படியே தொங்கியது. கிடங்குக்காரர் கூட அதைத் தொடவில்லை. நானே ஏறிக் கழற்றிக்கொண்டேன்.