அத்தையோடு வந்த மெஷின்

எங்கள் தெருவில் முதன்முதலாக வாஷிங் மெஷின் வந்து இறங்கியது எங்கள் வீட்டு வாசலில்தான். இதை இன்றைக்கும் கொஞ்சம் மார்தட்டிக்கொண்டுதான் சொல்கிறேன். திருமானூரில் அப்போது டிவி இல்லாத வீடு கிடையாது, மிக்சி இல்லாத வீடு கிடையாது. ஆனால் துணியைத் தானே துவைத்துப் பிழிந்து தருகிற பெட்டி என்பது டிவி விளம்பரத்தில் மட்டும் பார்க்கிற சங்கதி. அது ஒரு குட்டி யானை வண்டியில், கயிறு போட்டுக் கட்டப்பட்டு, அரியலூரிலிருந்து வந்தது. விழுந்துவிடாமல் ஒரு கையால் அதைப் பிடித்தபடி பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருந்தாள். நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அத்தையைப் பார்த்து ஓடினேனா, மெஷினைப் பார்த்து ஓடினேனா என்று கேட்டால், மெஷினைப் பார்த்துத்தான் ஓடினேன்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. அரியலூர் டவுனில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மெஷின் அவளுடைய மாமனார் வாங்கியது. சிமென்ட் ஆலைக் குடியிருப்பைக் காலி செய்துகொண்டு போன யாரோ ஓர் அதிகாரியிடம் பழசாக வாங்கியதாம். வெளிநாட்டுச் சரக்கு, என்னைவிட வயதில் மூத்தது. முன்பக்கம் வட்டமாக ஒரு கண்ணாடிக் கதவு. அந்தக் கண்ணாடி வழியாகத் துணி சுற்றுவதை உட்கார்ந்து பார்க்கலாம் என்று அத்தை சொன்னபோது எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டை ஒட்டி அப்பா பம்ப்செட் மோட்டார் பட்டறை வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் நெல்லுக்கும் கரும்புக்கும் தண்ணீர் இறைக்கிற மோட்டார் எது மக்கர் செய்தாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அதனால் அரியலூர் மெஷின் ரிப்பேருக்காகத் திருமானூர் வந்ததைத் தெருவில் யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. "பேரிங் போயிடுச்சாம், தண்ணியும் ஒழுகுதாம். அண்ணன்கிட்டக் குடுத்து சரிபண்ணிக்கிட்டுப் போலாம்னு வந்திருக்கா" என்று அம்மா எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் சொன்னாள். மெஷின் சரியான அன்றே கிளம்பிவிடுவாள் என்பதையும், கேட்காமலே, சேர்த்துச் சொன்னாள்.

அத்தையின் தாடைக்குக் கீழே பச்சையும் மஞ்சளுமாக ஒரு தடம் இருந்தது. என்ன அது என்று கேட்டேன். "மெஷின் கதவு இடிச்சிடுச்சுடி" என்றாள். என் இடுப்பு உயரத்துக்குக்கூட வராத கதவு அவ்வளவு மேலே எட்டி எப்படி இடித்தது என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை. போய் அந்தக் கதவை ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு வந்தேன். கைதான் வலித்தது.

மறுநாள் பட்டறையில் வைத்து அதை ஓட்டிப் பார்த்தோம். துவைக்கிற வரைக்கும் கடகடவென்று ஏதோ முனகிக்கொண்டிருந்தது. பிழிய ஆரம்பித்ததும்தான் அதன் சுயரூபம் தெரிந்தது. மிளகாய் அரைக்கிற மில்லுக்குள் நிற்பது போல ஒரு சத்தம். பேசுவது காதில் விழவில்லை. மெஷின் நின்ற இடத்தில் நில்லாமல் தரையில் நகர்ந்து நகர்ந்து அப்பாவை நோக்கி வந்தது. கோழிகள் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. அடியில் துருக் கலரில் தண்ணீர் ஓடியது. நான் சந்தோஷத்தில் குதித்துக்கொண்டிருந்தேன். கெட்டுப்போன நிலையிலேயே இவ்வளவு வேடிக்கை என்றால், சரியானால் எப்படி இருக்கும்!

அப்பா சுவிட்சை அணைத்தார். "சீல் போயிடுச்சு. அது வழியா தண்ணி போயி பேரிங்கைத் தின்னுடுச்சு" என்றார். டிரம்மின் தண்டு வெளியே வருகிற இடத்தில் தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் வளையம்தான் சீல். அது தேய்ந்தால் தண்ணீர் பின்னால் தண்டைத் தாங்கிச் சுழலவைக்கிற பேரிங்குக்குள் இறங்கிவிடும். நோய் என்ன என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்ட அப்பா, கையைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம் பார்க்கலாம்" என்று எழுந்து போய்விட்டார்.

அந்த அப்புறம் வரவே இல்லை. எரிந்துபோன மோட்டாரைக் காலையில் கொண்டுவந்து போட்டால் சாயங்காலம் ஓடவைத்து அனுப்புகிற மனிதர், இந்த மெஷினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆடி வந்தது, நாற்று விடுகிறார்கள், ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றார். நாற்று விட்டு முடிந்தது. நடவு என்றார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் "இன்னைக்காவது பிரிச்சியாப்பா?" என்று கேட்பேன். அம்மா என்னைப் பார்த்து முறைப்பாள். வீட்டில் பெரியவர்கள் மூன்று பேருக்கும் சேர்ந்தாற்போல ஒரு சோம்பேறித்தனம் வந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

கடைசியில் என் தொணதொணப்புத் தாங்காமல் அத்தையே ஸ்பேனரை எடுத்தாள். பட்டறை வீட்டில் வளர்ந்தவள். மோட்டாரைப் பிரிப்பது அவளுக்கு வெங்காயம் உரிப்பது மாதிரி. மேல் மூடியைக் கழற்றினால் உள்ளே பெரிதாக ஒரு சிமென்ட் கட்டை. "அய்யய்யோ, உள்ள சிமென்ட்டைக் கொட்டிட்டாங்க அத்தை!" என்று கத்தினேன். சுற்றும்போது துள்ளாமல் இருக்கப் பாரத்துக்கு வைப்பது அது என்று சொல்லிச் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். சிமென்ட் அரியலூரிலிருந்து வெளியூருக்குப் போகும் என்றுதான் எங்கள் வாத்தியார் சொல்லியிருந்தார். அது வெளிநாட்டிலிருந்து மெஷினுக்குள் உட்கார்ந்து அரியலூருக்கே வந்த கதையை வகுப்பில் எல்லாரிடமும் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

பெல்ட்டைக் கழற்றி, தொட்டியை இரண்டாகப் பிரித்து, டிரம்மைத் தண்டோடு வெளியே உருவினோம். தண்டில் சுண்ணாம்பு வெள்ளையாக, கெட்டியாகப் படிந்திருந்தது. அரியலூர்த் தண்ணீரின் வேலை. அந்தச் சொரசொரப்புதான் ரப்பரை அறுத்திருக்கிறது. பேரிங்கைத் தட்டி வெளியே தள்ளியபோது, மூக்குப்பொடி மாதிரி துருவாகக் கொட்டியது. அதன் நம்பரைத் துடைத்துப் படித்தேன். நாங்கள் தண்ணீர் மோட்டாருக்குப் போடுகிற அதே நம்பர்! பட்டறை அலமாரியில் டப்பா டப்பாவாக இருந்தது. இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் சும்மா இருந்தார் இந்த அப்பா!

சீல் மட்டும்தான் வாங்க வேண்டும். பழைய சீலைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு, அப்பா அரியலூர் கிளம்பிய ஒரு சனிக்கிழமை அவர் பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டேன். இறக்கிவிட முடியவில்லை அவரால். கடைக்காரர் உள் அளவு, வெளி அளவு, தடிமன் எல்லாம் அளந்து, புதுசு ஒன்றை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். "பாப்பா, இந்தா பாரு. ஸ்பிரிங் தெரியுதுல்ல, அந்தப் பக்கம் தண்ணியப் பார்த்து இருக்கணும். திருப்பிப் போட்டா ஒழுகும்." திரும்பும்போது, மாமா வீட்டுக்குப் போய்விட்டுப் போகலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். பைக் மட்டும் வேகமாகப் போயிற்று.

அத்தை தண்டைத் தேய்த்து வழவழப்பாக்கினாள். பேரிங்கை அடித்து உட்கார வைத்தாள். சீல் வைக்கும்போது அம்மா என்னைக் கடைக்கு விரட்டிவிட்டதால் அதைப் பார்க்க முடியவில்லை. எல்லாம் மாட்டி ஓட்டினோம். மில் சத்தம் போயே போய்விட்டது! நான் கைதட்டி முடிப்பதற்குள் அடியிலிருந்து ஒரு கோடு தண்ணீர், மெதுவாக, என் காலை நோக்கி வந்தது.

"இன்னும் ஒழுகுதே" என்றாள் அத்தை. அவள் குரலில் வருத்தமே இல்லாதது எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்பா எட்டிப் பார்த்து, "ஒழுகுதா? சரி, மெதுவாப் பார்த்துக்கலாம்" என்றார். அவர் நெற்றிச் சுருக்கமெல்லாம் போய், முகம் தெளிந்திருந்தது. அன்று மாலை அம்மா எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம், "எங்க, இன்னும் ஒழுவுது" என்று ஏதோ பரீட்சை பாஸான செய்தி மாதிரி சொன்னாள்.

எனக்கு ஆறவில்லை. அழுது, அடம்பிடித்து, சாப்பிடாமல் கிடந்து, மறுபடி பிரிக்க வைத்தேன். இந்த முறை பக்கத்தை விட்டு நகரவில்லை. அத்தை சீலைக் கையால் அதன் இடத்தில் வைத்து லேசாக அழுத்தினாள். அடிக்கச் சுத்தியை எடுத்தபோது வீட்டுக்குள் போன் அடித்தது. அவள் அப்படியே உறைந்துபோய் உட்கார்ந்தாள். "உன்னையத்தான் கேக்குறாங்க" என்று அம்மா தாழ்ந்த குரலில் கூப்பிட்டதும் எழுந்து போனாள்.

நான் குனிந்து பார்த்தேன். ஸ்பிரிங் பேரிங் பக்கம் இருந்தது. தலைகீழ்! அத்தைக்கே தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது! நகத்தால் நெம்பி எடுத்து, திருப்பி வைத்து, மேலே ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டினேன். சமமாக இறங்கிவிட்டது. அதன்மேல் கிரீஸை வாரி அப்பினேன். அத்தை திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "அதுக்குள்ள அடிச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சரியாகப் பார்க்காமலே மற்றதை மாட்டினாள்.

போர்வை, என் யூனிபார்ம், அப்பாவின் லுங்கி எல்லாவற்றையும் உள்ளே திணித்தோம். மெஷினுக்கு அடியில் பேப்பர் விரித்தேன். கண்ணாடிக்குள் நுரை பொங்கியது, லுங்கியும் யூனிபார்மும் ஒன்றை ஒன்று துரத்தின. பிறகு பிழிய ஆரம்பித்தது. உய்யென்று ஒரு மெல்லிய சத்தம், அவ்வளவுதான். குனிந்து பேப்பரை இழுத்தேன். காய்ந்த பேப்பர்! "சரியாயிடுச்சு! சரியாயிடுச்சு!" என்று தெருக்கோடி வரை கத்திக்கொண்டு ஓடினேன். பாதித் தெரு பட்டறைக்குள் வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பெரியம்மா பேப்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்புறம் என்ன, ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதானே?" என்றாள் அத்தையிடம்.

அத்தை என்னைப் பார்த்தாள். "சீலைத் திருப்புனது நீயாடி?"

"ஆமா! நீ ரெண்டு தடவையும் தப்பாவே வச்சிருக்க அத்தை."

அவள் கிரீஸ் கையோடு என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். மெஷின் நின்ற பிறகும் விடவில்லை. என் திறமையை மெச்சுகிறாள் என்று நான் பெருமையில் விறைப்பாக நின்றேன்.

எதிர்வீட்டுப் பெரியம்மாவின் மகன் அரியலூர் போகிற பஸ்ஸில் கண்டக்டர். செய்தி அந்த பஸ்ஸிலேயே போயிற்று. மறுநாளே மாமா அதே குட்டி யானையோடு வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, பவுடர் வாசனை. "வாங்க மாப்ள" என்று அப்பா கூப்பிட்டார். மெஷினை ஓட்டிக் காட்டியது நான்தான். மாமா காப்பி குடித்துக்கொண்டே தலையாட்டினார். அப்பாவும் டிரைவரும் மெஷினைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். வாசலில் வழக்கம்போல் ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள்.

"சரி, பையை எடுத்துட்டு வா. நேரமாச்சு" என்றார் மாமா.

அத்தை நிலைப்படிக்கு உள்ளேயே நின்றாள். ஒரு கை கதவைப் பிடித்திருந்தது. குரல் தெருவுக்கே கேட்டது. "ரிப்பேர் பண்ணி அனுப்புறேன்னு சொன்னேன். பண்ணிட்டேன், எடுத்துட்டுப் போங்க. நான் வரல."

மாமா அப்பாவைப் பார்த்தார். "என்ன மச்சான் இது?"

அப்பா மெஷினைக் கட்டிய கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினார். நிமிர்ந்து, "வண்டியில எடம் இல்ல மாப்ள. பார்த்துப் போங்க" என்றார்.

அம்மா போய் அத்தையின் பக்கத்தில் நின்றுகொண்டாள். "இனிமே அவ இங்கதான் இருப்பா. இது அவ வூடு" என்றாள், எதிர்வீட்டுப் பெரியம்மாவை நேராகப் பார்த்து. மாமா ஏதோ சத்தம் போட்டார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் அதற்குள் வண்டியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்திருந்தேன். வண்டி கிளம்பியது. மெயின் ரோடு வரை பின்னாலேயே ஓடினேன். கண்ணாடிக் கதவில் வெயில் பட்டு மின்னியது, அப்புறம் அதுவும் தெரியவில்லை.

தேம்பிக்கொண்டே திரும்பி வந்தால், அத்தை கிணற்றடியில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்த அழுக்கெல்லாம் அங்கே குவிந்திருந்தது. ஒவ்வொன்றையும் கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தாள். முகமெல்லாம் நுரை, ஏதோ பாட்டு வேறு. என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, "வாடி, வந்து இந்தப் போர்வையை ஒரு பக்கம் புடி, முறுக்கிப் புழியலாம்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. உயிரைக் கொடுத்துச் சரிசெய்த மெஷினைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, கையால் துவைத்துக்கொண்டு, அதற்குச் சிரிக்கவும் செய்கிற ஒரு பைத்தியக்காரியோடு இனிப் பேசுவதே இல்லை என்று முடிவுசெய்து, அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.