தொண்ணூற்றெட்டு டிகிரியில் வந்த சந்தேகம்

நாமக்கல்லில் லாரி பாடிக்கு டிசைன் வரைபவன் நான். என் கம்ப்யூட்டரின் பிராசசரை வரம்புக்கு மேல் வேகமாக ஓடவிட்டு, சூடு தணிக்கத் தண்ணீர்க் குழாயும் நானே பொருத்தினேன். ஐந்தே நிமிடத்தில் தொண்ணூற்றெட்டு டிகிரி! கருகிவிடுமோ என்று பதறி அணைத்தேன்.

உடனே, சேலத்தில் அந்தப் பிராசசரை விற்ற கடைக்கார பாய் மீது சந்தேகம் வந்தது. பழையதைத் தலையில் கட்டிவிட்டாரோ? அட்டைப்பெட்டியை முகர்ந்துகூடப் பார்த்தேன். பழைய வாசனை அடிப்பதாகவே தோன்றியது.

"ஏனுங்க, பத்து வருசமாப் பழகுன மனுசனைப் போயி..." என்றாள் மனைவி.

"அதான் சந்தேகமே! இத்தனை நல்லவரா ஒருத்தர் இருப்பாரா?" என்று கம்ப்யூட்டரைக் காரில் ஏற்றினேன்.

சேலம் கடையில் பாய், தண்ணீர்க் குழாயின் முனையில் பிராசசர் மேல் உட்காரும் செப்புத் தகட்டைக் கழற்றித் திருப்பினார். அடியில் பிளாஸ்டிக் கவர் பத்திரமாக ஒட்டியிருந்தது.

"இதைப் பிரிக்கலையா தம்பி?"

"கீறல் உழுந்துருமுங்க பாய்..." என்று இழுத்தேன். புது லாரி வாங்கி மூன்று வருடமானாலும் சீட்டு கவரைப் பிரிக்காத ஊர்க்காரன், வேறென்ன செய்வேன்?

"அப்புறம் சூடு எப்படித் தண்ணிக்குப் போகும்?" என்று சிரித்தார். கவரை உரித்து, சூடு கடத்தும் பசை தடவி மாட்டியதும் சூடு அறுபத்தைந்து டிகிரியில் நின்றது.

இப்போதெல்லாம் பிறரைச் சந்தேகிக்குமுன் என் கைவேலையைப் பிரித்துப் பார்த்துவிடுகிறேன். அன்று எதற்குச் சேலம் போனேன் என்பதை மட்டும் பாயிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் இந்த இதழை வாங்குவதில்லை என்று விசாரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.