இடதுபக்கப் பட்டியலில் எங்க கேங்கு

படம்னா எல்லாருக்கும் புடிக்கும். எங்க கம்பெனியில மீட்டிங் ஆரம்பிச்சா மொதல்ல படத்ததான் தெறப்பாங்க. கட்டம் கட்டமா, அம்புக்குறி போட்டு, கலர் அடிச்சி, கல்யாண மேடையாட்டம் இருக்கும். அந்தப் படத்துக்கு இடதுபக்கம், ஸ்கிரீன் ஓரத்துல, மேலருந்து கீழ எறங்கற ஒரு பட்டியல் இருக்கும். நாங்க அத ட்ரீன்னு சொல்லுவோம். அத யாரும் சீந்தமாட்டாங்க. நான் குடியிருக்கறதே அங்கதான்.

வெளி ஆளுங்களுக்காக சொல்றேன். சாஃப்ட்வேர் எழுதறதுக்கு முன்னாடி மாடல்னு ஒண்ணு போடணும். எது எதுக்குள்ள அடங்குது, எது எதோட சேருதுன்னு, வூடு கட்டறதுக்கு பிளான் போடற மாதிரி. அந்த மாடல்ல இருக்கற அத்தனையும் ட்ரீல ஒரே ஒரு தடவ இருக்கும். பக்கத்துல இருக்கற ப்ளஸ்ஸ தட்டினா உள்ள இருக்கறது விரியும், மைனஸ்ஸ தட்டினா மூடிக்கும். படத்துல ஒரு கட்டத்த அழிச்சா படத்துலருந்து மட்டுந்தான் போவும், பொருள் ட்ரீல பத்தரமா இருக்கும். ட்ரீல அழிச்சா பொருளே காலி. அதுக்குக் கீழ இருக்கற பிள்ளகுட்டி எல்லாம் சேந்து காலி. அதனாலதான் படத்துல யார் வேணும்னாலும் வரையலாம், ட்ரீல கை வெக்கற உரிமை ரெண்டு மூணு பேருக்குத்தான். எனக்கு அது இருந்துது. புடுங்கிட்டாங்க. அத நான் திருப்பி வாங்கினதத்தான் சொல்லப்போறேன்.

மணலூர்பேட்டைக்கும் மூங்கில்துறைப்பட்டுக்கும் நடுவுல எங்க ஊரு. சொந்த நிலம் ஒரு கைப்பிடி கெடையாது, கரும்பு வெட்டற குடும்பம். எனக்கு ஒரு அக்கா. நான் காலேஜுக்கு பஸ் ஏறின நேரத்துல அவ கத்திய எடுத்துக்கினு டிராக்டர் ஏறினா. இன்னிக்கும் வெட்டத்தான் போறா. லீவுல நானும் கூட போயிருக்கேன். கரும்போட சோகை இலை கையக் கிழிச்ச தழும்பு இன்னும் இருக்குது. இப்ப சென்னை கம்பெனிக்கு வூட்டுலருந்தே வேலை செய்யறேன், மாடி ரூம்ல நெட்டு நல்லா வரும்.

எங்களுக்கு ஒரு ப்ராஜெக்ட் வந்துது. வேற ஜில்லாவுல ஒரு தனியார் சர்க்கரை ஆலை. கரும்பு வெட்டற காரியத்த எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். 'உங்க கரும்ப இன்ன தேதியில வெட்டலாம்'னு ஆலை விவசாயிக்குக் குடுக்கற சீட்டுக்கு கட்டிங் ஆர்டர்னு பேரு. எங்க டீம் லீடர் மாடல் போட்டாரு. ஆலை, அதுக்குள்ள விவசாயி, அதுக்குள்ள நிலம், அதுக்குள்ள கட்டிங் ஆர்டர், அதுக்குள்ள கரும்பு வெட்டற ஆளுங்களோட கேங்கு. கெட்ட மனுஷன் இல்ல. ஆனா கரும்ப ஜூஸ் கடையில மட்டும் பாத்தவரு.

அவரு மாடல் போட்டப்புறந்தான் நான் அந்த வேலைக்குப் புதுசா போனேன். ட்ரீல கட்டிங் ஆர்டர் ரெண்டு இருந்துது, ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. பழச அழிச்சிடுன்னாரு. அழிச்சேன். 'கீழ இருக்கறதும் சேந்து போவும், சரியா?'ன்னு ஒரு பொட்டி வந்து கேட்டுது. சரின்னு தட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

கேங்கு அந்தப் பழசுக்குள்ள இருந்துருக்குது. ரெண்டு நாள் கழிச்சித்தான் தெரிஞ்சிது. எல்லாப் படத்துலயும் கேங்கு இருந்த எடம் வெறும் எடமா கெடந்துது. அதுக்குள்ள மத்தவங்க அதுமேலயே வேல செஞ்சிட்டாங்க. பழைய காப்பிய எடுத்துப் போட்டா அவங்களோட ரெண்டு நாள் உழைப்பு வீணு. வேற வழியில்லாம அதத்தான் போட்டோம், வீணாச்சு.

டீம் மொத்தமும் இருக்கற மீட்டிங்ல லீடர் கேட்டாரு. "அழிக்கறதுக்கு முன்னாடி ப்ளஸ்ஸ தட்டி உள்ள பாக்கமாட்டியா? இதுகூடவா சொல்லித் தரணும்?"

ட்ரீலதான் குடியிருக்கேன்னு பீத்திக்கிட்டவ எப்படி உள்ள பாக்காம போனேன்? யோசிச்சி யோசிச்சி கடைசியில புடிபட்டுது. அங்க கேங்கு இருக்கும்னு என் புத்திக்கு எட்டவே இல்ல. ஆர்டர் முடிஞ்சா கேங்கு முடியாதுங்க. கத்திய சாக்குல சுத்திக்கினு அடுத்த கழனிக்குப் போவும். எங்க ஊர்ல யாரக் கேட்டாலும் சரி, ஒரு சீட்டுக்குள்ள போயி கேங்க தேடமாட்டாங்க. சோத்துப் பானைக்குள்ள செருப்பத் தேடற கதைதான் அது. அந்தத் தப்ப டீம்ல வேற யாரும் செஞ்சிருக்கமாட்டாங்க. நான்தான் செய்வேன், ஏன்னா எனக்குத்தான் விஷயம் தெரியும்.

இன்னொண்ணும் ஞாபகம் வந்துது. போன சீசன்ல அக்கா கால ஒடைச்சிக்கினா. காலையில ஒரு கழனிய முடிச்சிட்டு, அடுத்த கழனிக்கு டிராக்டர் டிரெய்லர்ல போய்க்கினு இருந்தாங்க. வாய்க்கா திருப்பத்துல வண்டி தூக்கிப் போட்டுது, இவ கீழ. மொத கழனிக்காரரு, "என் வெட்டுதான் முடிஞ்சிபோச்சேம்மா"ன்னாரு. ரெண்டாவது ஆளு, "என் கழனியில இன்னும் காலே வெக்கலியே"ன்னாரு. இன்சூரன்ஸ் கேக்கப் போன எடத்துல, எந்த ஆர்டர்ல அடிபட்டுதுன்னு கேட்டாங்க. ரெண்டுக்கும் நடுவுல அடிபட்டுது. நடுவுலன்னு எழுத அந்தத் தாள்ல எடம் இல்ல. ரெண்டு பேரும் சொன்னது பொய்யும் இல்ல. அக்கா இப்பவும் தாங்கித் தாங்கித்தான் நடக்கறா.

அந்த இன்சூரன்ஸ் தாளையேதான் நாங்க கம்ப்யூட்டர்ல செஞ்சிக்கினு இருந்தோம்.

எல்லாருக்கும் மன்னிப்பு மெயில் போடுன்னு லீடர் சொன்னாரு. போட்டேன். 'பாக்காம அழிச்சது என் தப்பு. கேங்க அங்க வெச்சது அதவிடப் பெரிய தப்பு. அது ஆலைக்கு நேர் கீழ, விவசாயிக்கு சமமா நிக்கணும்.' அடுத்த நிமிஷம் அவர்கிட்டருந்து போன் வந்துது. "மன்னிப்புன்னா மன்னிப்பு மட்டும் கேளு. ஆலைக்காரங்க குடுத்த ஷீட்டுல இருக்கறபடிதான் நான் போட்டிருக்கேன்." ட்ரீ உரிமை அன்னிக்கே போச்சு. ஆலைக்காரங்களோட ஒரு மீட்டிங் பாக்கி இருந்துது. அதுல படத்தக் காட்டிட்டு நான் வேற ப்ராஜெக்ட்டுக்குப் போயிடணும்.

அக்காகிட்ட சொன்னேன். "அவங்க கேக்கறத எழுதிக் குடுத்துட்டு போவியா, இன்னாத்துக்கு வம்பு? வேலைய வுட்டுட்டு வந்து கத்தி புடிக்கப் போறியா?"ன்னா.

"புடிப்பேன்."

"நீ வெட்டின லட்சணந்தான் ஊருக்கே தெரியுமே."

சிரிச்சிக்கினே லேப்டாப்ப எட்டிப் பாத்தா. "இதுல நாங்க எங்கடி இருக்கறோம்?"

காட்டினேன். ஆலையத் தட்டினேன், விவசாயி வந்துது. விவசாயியத் தட்டினேன், நிலம் வந்துது. நிலத்தத் தட்டினேன், ஆர்டர். ஆர்டரத் தட்டினேன், கடைசியில கேங்கு.

"இவ்ளோ அடியிலயா?"ன்னா. ஒவ்வொரு படியா நின்னு நின்னு மாடியிலருந்து எறங்கிப் போனா. அந்தக் கால் சத்தத்த முழுசாக் கேட்டேன். வேலை போனா போவட்டும்னு அப்பதான் முடிவு பண்ணேன்.

மீட்டிங்ல ஆலையோட கரும்பு ஆபீசர் வந்தாரு. மாத்தற உரிமைதான் எனக்கு இல்ல, காட்டறதுக்கு யார் உத்தரவும் வேணாம். படத்த மூடிட்டு ட்ரீய இழுத்து ஸ்கிரீன் முழுக்க விரிச்சி வெச்சேன். 'படத்தக் காட்டு'ன்னு லீடர் மெசேஜ் அனுப்பினாரு. பாத்தேன், பாக்காத மாதிரி இருந்துட்டேன்.

"சார், ஒரே ஒரு சந்தேகம். ஒரு கழனி வெட்டி முடிச்சிட்டு அடுத்த கழனிக்கு டிராக்டர்ல போறாங்க இல்ல, அந்த நேரத்துல கேங்கு யாருக்குக் கீழ?"

அவரு சிரிச்சாரு. "எந்த விவசாயிக்குக் கீழயும் இல்லம்மா. அது ஆலை பதிவு பண்ண கேங்கு. ஆர்டர் இன்னிக்கு வரும், நாளைக்குப் போவும்."

"எங்க மாடல்ல அந்த நேரத்துல அவங்களே கெடையாது சார். ஆர்டர் போனா கேங்கும் போயிடும். நானே ஒருவாட்டி அழிச்சிப் பாத்துட்டேன்."

ஆபீசர் சொன்னாரு, "அய்யோ, அப்படி வெச்சிடாதீங்க. ஜாஸ்தி அடிபடறதே வண்டியிலதான். மாத்திடுங்க."

மீட்டிங் முடிஞ்சதும் லீடர் தனியா கூப்பிட்டாரு. "நீ சொன்னது சரிதான். சொன்ன விதந்தான் சரியில்ல."

"மொதல்ல மெயில்ல சொன்னேன் சார். நீங்க உரிமைய எடுத்துட்டீங்க."

"சரி, நான் நகத்திடறேன்"ன்னாரு.

"வேணாம் சார். உரிமையக் குடுங்க, நான் நகத்தறேன்."

குடுத்தாரு. சும்மா சொல்லக்கூடாது, மறுபேச்சு பேசாம குடுத்தாரு. மவுஸால கேங்கப் புடிச்சி மேல இழுத்தேன். ஆர்டரத் தாண்டி, நிலத்தத் தாண்டி, விவசாயியத் தாண்டி, ஆலைமேல கொண்டாந்து வுட்டேன். ஒரு நொடி வேலை. இதுக்கா இத்தினி ரகளன்னு எனக்கே ஆத்தரமா வந்துது.

மறுநா அக்காவ மாடிக்குக் கூப்பிட்டேன். கட்டில்ல ஒக்காந்து கால நீட்டிக்கினா. ஆலை, அதுக்குக் கீழ விவசாயி, அதே வரிசையில கேங்கு. காட்டினேன்.

"அந்த சீட்டு போனா நாங்களும் போயிடுவோம்னு சொன்னியே. இப்ப அழி, பாக்கலாம்"ன்னா.

நெஜ மாடல்ல கை வெக்கல, ஒரு காப்பி எடுத்துக்கினேன். ப்ளஸ்ஸ தட்டி ஆர்டருக்குள்ள ஒண்ணும் இல்லன்னு பாத்துட்டு அழிச்சேன். ஆர்டர் போச்சு. கேங்கு எடத்த வுட்டு அசையல.

"நிலத்த அழி."

அழிச்சேன்.

"அந்த ஆளயும்."

விவசாயி போனாரு. ஆலையும் கேங்கும் மட்டும் ஸ்கிரீன்ல நின்னுது. அக்கா அந்தக் கணுக்கால தடவிக்கினே அதையே பாத்துக்கினு இருந்தா. அப்புறம் சொன்னா:

"எல்லாத்தயும் திருப்பிப் போட்டு, மொதல்லருந்து இன்னொருக்கா அழி."