கரி படிந்த விரல்கள்

அருணை மலையானே, துணை நில். இன்று மார்கழித் திருவாதிரை. தேரடி வீதியோரம் அமர்ந்து, கடந்து செல்வோரைக் கரித்துண்டால் வரைகிறேன். தோளை வரைந்து முடிப்பதற்குள் போய்விடுகிறார்கள். மனைவி மறைந்தபின் வந்த இப்பயணத்தில் எவரும் என்னிடம் நின்று பேசவில்லை.

ஒரு பெண்மணி என் கறுத்த விரல்களைக் கண்டு, குனிந்து நெற்றியை நீட்டுகிறார்.

"தீப மை வச்சி உடுங்க சாமி. கோயில்ல கூட்டம் ஜாஸ்தி, கிட்டவே போவ முடியல."

கார்த்திகையில் மலைமேல் எரிந்த தீபத்தின் மையை இன்று நெற்றியில் இட்டுக்கொள்வது இவ்வூர் வழக்கம். உண்மையைச் சொன்னால் இவரும் போய்விடுவாரே என மனம் தயங்குகிறது.

"இது மை இல்லம்மா, படம் போடுற கரி."

"நல்ல சாமி போங்க!" என்று சிரிக்கிறார். "சரி, என்னியே போடுங்க. ஊட்டுல யாரும் காத்துக்கினு இல்ல."

அவர் அசையாமல் நிற்கிறார். பாதம் வரை வரைகிறேன்.

படிப்போர் அனைவர்க்கும் அருகில் நிற்க ஓர் உயிரை ஈசன் அருள்க.